சம்பளம் வந்து விழ ஒரு கணக்கு

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கடன் முற்றிப்போன ஒருவர் ‘நான் திவால்’ என்று சொல்ல இப்போது கோர்ட்டுப் படி ஏற வேண்டியதில்லை. 2016 ஏப்ரலிலிருந்து எல்லாம் ஆன்லைன்தான். வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு, யார் யாருக்கு என்ன பாக்கி என்று பக்கம் பக்கமாகக் கேட்கும் மனுவை நிரப்பி, 680 பவுண்டு கட்டணம் கட்ட வேண்டும். திவாலாவதற்கும் கையில் காசு வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் முதல் வேடிக்கை. தவணையில் கட்டலாம் என்பது மட்டும் ஆறுதல். இன்சால்வன்சி சர்வீஸ் என்ற அரசு அமைப்பில் இருக்கும் அட்ஜுடிகேட்டர் என்னும் அதிகாரி மனுவைப் பார்த்து உத்தரவு போடுவார். கிரெடிட் கார்டு, பெர்சனல் லோன், ஓவர்டிராஃப்ட், கவுன்சில் டாக்ஸ் நிலுவை என்று கழுத்தைப் பிடித்தவை எல்லாம் அந்த உத்தரவோடு பிடியைத் தளர்த்தும். பெரும்பாலும் 12 மாதத்தில் திவால் நிலையிலிருந்து விடுதலை. 2004க்கு முன்பு இதற்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

கடன் விஷயம் இப்படி ஒரு மின்னஞ்சலில் முடிந்துவிடுகிறது. அதற்கு அடுத்த வாரம்தான் சிக்கல். உத்தரவு வந்ததும் அவருடைய வங்கிக் கணக்கு பூட்டப்படும். மாதக் கடைசியில் சம்பளம் வர வேண்டும். பூட்டிய கணக்கில் விழுந்தால் எடுக்க முடியாது. கையில் கொடுங்கள் என்று கேட்டால் பெரும்பாலான முதலாளிகள் கொடுப்பதில்லை. கிடங்கு வேலையோ முதியோர் இல்லத்து வேலையோ, சம்பளம் கணக்குக்குத்தான் போகும். அரசின் யுனிவர்சல் கிரெடிட் உதவித்தொகையும் அப்படியே. வாடகை, கேஸ், கரன்ட், போன் எல்லாம் டைரக்ட் டெபிட்டில், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் முறையில், போகிற ஊர் அது. வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு அங்கே சம்பளம் வாங்குவதே தனி வேலையாகிவிடும்.

ஆக, திவாலான மனிதருக்கு முதலில் தேவைப்படுவது சம்பளம் வந்து விழ ஒரு கணக்கு. ‘பேசிக் பேங்க் அக்கவுண்ட்’ என்ற எளிய கணக்கு அதற்காகவே இருக்கிறது. அது கிடைக்காமல் பல வருடம் ஆயிரக்கணக்கானோர் அல்லாடினார்கள் என்பதும், அதற்குக் காரணம் சட்டத்தின் ஓர் உட்பிரிவு என்பதும் பலருக்குத் தெரியாது.

யார் இந்தப் பக்கம் வருகிறார்கள்?

2009இல், உலகப் பொருளாதாரம் சரிந்த சமயம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 74,000க்கும் மேற்பட்டவர்கள் திவாலானார்கள். இன்று வருடத்துக்கு 10,000க்கும் குறைவு. மக்கள் கடன் வாங்குவதை நிறுத்திவிடவில்லை. சிறிய கடன்காரர்கள் வேறு வழிக்குப் போய்விட்டார்கள். டெட் ரிலீஃப் ஆர்டர் என்ற எளிய நிவாரணத்துக்கு இருந்த 90 பவுண்டு கட்டணம் 2024 ஏப்ரலில் ரத்தானது. அதே வருடம் ஜூனிலிருந்து 50,000 பவுண்டு வரை கடன் உள்ளவர்களும் அதில் சேரலாம் என்றாகிவிட்டது. சொந்த வீடு இல்லாத, பெரிய சொத்து இல்லாத, மாதக் கடைசியில் பெரிதாக எதுவும் மிஞ்சாத ஆட்களுக்கு அதுவே போதும்.

மீதியிருப்பவர்கள் கொஞ்சம் கனமான கடன்காரர்கள். அவர்களில் சிறு வியாபாரம் நொடித்தவர்களும் உண்டு. லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் போனால், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மளிகைக்கடையோ ஆஃப் லைசென்ஸ் என்னும் மதுக்கடையோ பெட்ரோல் ஸ்டேஷனோ நடத்தும் தமிழர்களைத் தெருவுக்குத் தெரு பார்க்கலாம். கடை லிமிடெட் கம்பெனி பெயரில் இருக்கும். கம்பெனி விழுந்தால் கம்பெனியோடு போயிற்று என்றுதான் சட்டம் சொல்கிறது. ஆனால் கடை வாடகை ஒப்பந்தத்திலும் வங்கிக் கடனிலும் மொத்த வியாபாரியிடம் கணக்கு வைப்பதிலும் ‘பர்சனல் கேரண்டி’ என்று ஒரு தாளில் முதலாளியின் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அந்தக் கையெழுத்து கம்பெனியின் கடனை வீட்டுக்குள் அழைத்து வந்துவிடுகிறது.

கடைசி நாட்களில் கடையில் என்ன நடக்கும் என்பதற்குக் கவுன்டர் ஓரத்தில் இருக்கும் பேபாயிண்ட் மெஷினே சாட்சி. அக்கம்பக்கத்து ஆட்கள் கரன்ட் மீட்டருக்கும் கேஸுக்கும் பணம் ஏற்ற அங்கே வருவார்கள். அவர்கள் கொடுக்கும் காசு கல்லாவில் விழும். ஆனால் அது கடைக்காரருடையதல்ல. பேபாயிண்ட் அதை டைரக்ட் டெபிட் மூலம் கடையின் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். வியாபாரம் சரியும்போது அந்தக் காசில் பால்காரருக்கும் பிரட்காரருக்கும் கொடுத்து நாளை ஓட்டிவிடத் தோன்றும். டைரக்ட் டெபிட் வரும் நாளில் கணக்கில் பணம் இருக்காது. மெஷின் அணைக்கப்படும். மெஷின் போனால் அதற்காக வந்தவர்களும் வரமாட்டார்கள். இன்னொன்று: வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட் பணத்தை வவுச்சராகக் கொடுக்க அரசு வைத்திருக்கும் ஏற்பாட்டில், அந்த வவுச்சரைக் காசாக்கும் இடமும் இதே பேபாயிண்ட் கடைதான். நேற்று வரை பிறருக்கு எண்ணிக் கொடுத்தவர், கணக்கு இல்லாமல் போனால், நாளை வேறொரு கடையில் வவுச்சரோடு நிற்க நேரிடும்.

பூட்டு எப்படி விழுகிறது?

திவால் உத்தரவு வந்ததும் அந்த மனிதரின் சொத்து அஃபீஷியல் ரிசீவர் என்ற அரசு அதிகாரியின் பொறுப்புக்குப் போகிறது. வேறு யாரையும் நியமிக்காதவரை சொத்தின் ட்ரஸ்டியும் அவரே. வங்கிக் கணக்கில் அன்றைக்கு இருக்கும் பணம் அந்தச் சொத்தில் சேர்த்தி. மனு போட்ட நாளுக்கும் சொத்து அதிகாரி கைக்குப் போகும் நாளுக்கும் நடுவே திவாலானவர் கொடுக்கும் பணம் எதுவும், கோர்ட் ஒப்புக்கொண்டால் ஒழிய, செல்லாது என்று 1986ஆம் ஆண்டின் இன்சால்வன்சி சட்டம் சொல்கிறது. எனவே செய்தி எட்டியதும் வங்கி முதலில் கதவைச் சாத்துகிறது. ரிசீவர் அலுவலகத்தின் கடிதம் வரும். லண்டன் கெஜட் என்ற அரசிதழில் அறிவிப்பும் வரும். எந்த வழியில் தெரிந்தாலும் விளைவு ஒன்றுதான்.

மனைவியோடு சேர்த்து வைத்திருக்கும் கூட்டுக் கணக்கும் தப்பாது. மனைவி ஒரு பைசா கடன் வைத்திருக்கமாட்டார். அவருடைய சம்பளமும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். அன்றாடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் தேவையானதையும் கூட்டாளியின் பங்கையும் விடுவிக்கும்படி ரிசீவர் வங்கிக்குச் சொல்ல முடியும், சொல்லவும் செய்கிறார். ஆனால் போன் போட்டு, விளக்கி, கடிதம் போய், வங்கி அசைவதற்குள் நாட்கள் ஓடிவிடும். பிள்ளைகளின் சாப்பாடு அதுவரை காத்திருக்காது.

இதைவிட ரகசியமான ஒரு வாய் உண்டு. அதே வங்கியில் ஓவர்டிராஃப்டோ கிரெடிட் கார்டோ பாக்கி இருந்தால், உள்ளே வரும் பணத்தை வங்கி தன் பாக்கிக்கு நேர்செய்துகொள்ளும் உரிமை வைத்திருக்கிறது. திவாலாவதற்கு முன்பே பலருடைய சம்பளத்தை இதுவே விழுங்குகிறது. 1,400 பவுண்டு சம்பளம் விழும். மைனஸ் 1,200இல் இருந்த கணக்கு 200க்கு வந்து நிற்கும். வீட்டுக்காரருக்கு வாடகை போகாது. அந்த மாதம் இன்னொரு கடன் வாங்க வேண்டிவரும்.

307ஆம் பிரிவு செய்த வேலை

எளிய கணக்கு என்ற யோசனை இங்கிலாந்தில் புதிதல்ல. 2003இல் அரசு உதவித்தொகையை நேரடியாக வங்கிக்கே அனுப்ப ஆரம்பித்தபோது அது பரவியது. செக் புத்தகம் கிடையாது, ஓவர்டிராஃப்ட் கிடையாது; பணம் வரலாம், ஏடிஎம்மில் எடுக்கலாம், பில் கட்டலாம். கடன் கொடுக்காத கணக்கு என்பதால் கடன் வரலாறு பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. திவாலானவருக்கென்றே அளவெடுத்துத் தைத்தது போன்ற கணக்கு.

ஆனால் திவால் காலத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலான வங்கிகள் அதைக் கொடுக்கவில்லை. துணிந்து கொடுத்தவை இரண்டே: பார்க்லேஸ், கோ-ஆபரேட்டிவ் பேங்க். 2012இல் கோ-ஆபரேட்டிவ் பேங்க்கும் புதிதாக வரும் திவால் வாடிக்கையாளர்களுக்குக் கதவை மூடியது. அதன்பின் ஒரே ஒரு பெரிய வங்கிதான். அந்த வங்கியிலேயே கடன் வைத்துவிட்டுத் திவாலானவர் எங்கே போவார் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை.

வங்கிகளுக்குத் திவாலானவர்கள் மீது தனி வெறுப்பு இருந்தது என்று நான் நினைக்கவில்லை. லாபம் இல்லாத வாடிக்கையாளர்கள் மீது பெரிய பாசமும் இருந்ததில்லை. ஆனால் அவை கேட்ட கேள்வியில் நியாயம் இருந்தது. இன்சால்வன்சி சட்டத்தின் 307ஆம் பிரிவுப்படி, திவால் காலத்தில் ஒருவருக்குப் புதிதாக வரும் சொத்தை ட்ரஸ்டி நோட்டீஸ் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். பெரியப்பா எழுதி வைத்த பணம், லாட்டரியில் விழுந்தது இப்படியானவை. சம்பளம் இதில் சேராது. அதற்கு வேறு வழி உண்டு, பின்னால் பார்ப்போம். அப்படிப் புதிதாக வந்த சொத்துப் பணம் ஒரு வங்கிக் கணக்கில் விழுந்து, ட்ரஸ்டி விழிப்பதற்குள் வாடிக்கையாளர் எடுத்துச் செலவழித்துவிட்டால் வங்கி பொறுப்பா?

திவால் விஷயம் தெரியாமல் நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்த வங்கியை ட்ரஸ்டி ஒன்றும் கேட்க முடியாது என்று பழைய சட்டம் சொன்னது. சிக்கல் ‘தெரியாமல்’ என்பதில்தான். திவாலானவர் நேர்மையாக நடந்து, ‘நான் திவாலில் இருக்கிறேன்’ என்று சொல்லிக் கணக்குத் திறந்தால், வங்கிக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின் பாதுகாப்பு இல்லை. உண்மை சொன்னவனுக்குக் கணக்கு இல்லை, மறைத்தவனுக்கு உண்டு என்ற கோணல் நிலை இப்படித்தான் உண்டானது. ஒவ்வொரு முறை பணம் எடுக்கும்போதும் ‘இது சம்பளமா, சொத்தா’ என்று கவுன்டரில் விசாரித்துக்கொண்டிருக்க முடியுமா? வேண்டாம் இந்தத் தலைவலி என்று வங்கிகள் ஒதுங்கிக்கொண்டன.

இதற்கு வைத்தியம் மிகச் சிறியது. 2015ஆம் ஆண்டின் டீரெகுலேஷன் சட்டம் 307ஆம் பிரிவில் சில வரிகளைச் சேர்த்தது. ட்ரஸ்டி இந்தப் பிரிவின் கீழ் அந்த வங்கிக்கே நோட்டீஸ் கொடுக்காதவரை, வாடிக்கையாளர் திவாலானவர் என்று தெரிந்திருந்தாலும், நடந்த பணப் பரிமாற்றத்துக்காக வங்கியைக் கேள்வி கேட்க முடியாது. அவ்வளவுதான். அரசுக்கு இதனால் பெரிய செலவில்லை. கடன் கொடுத்தவர்களுக்கும் பெரிய நஷ்டமில்லை. சந்தேகத்தின் சுமை வங்கியின் தோளிலிருந்து ட்ரஸ்டியின் தோளுக்கு மாறியது. இந்த வரிகளை எழுத இவ்வளவு வருடம் ஏன் ஆனது என்பதுதான் கோபம் வரவேண்டிய இடம்.

இதற்கு இணையாக இன்னொரு வேலையும் நடந்தது. 2014 டிசம்பரில் பிரிட்டிஷ் நிதி அமைச்சகம் பெரிய வங்கிகளோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதுவரை எளிய கணக்கிலும், பணம் போதாமல் ஒரு டைரக்ட் டெபிட் திரும்பினால் சில வங்கிகள் 35 பவுண்டு வரை அபராதம் போட்டுவந்தன. 10 பவுண்டு போன் பில் திரும்பியதற்கு 35 பவுண்டு! புதிய எளிய கணக்குகளில் அந்த அபராதம் ஒழிந்தது. அடுத்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் உத்தரவைப் பின்பற்றி வந்த பேமென்ட் அக்கவுண்ட்ஸ் ரெகுலேஷன்ஸ் 2015, குறிப்பிட்ட ஒன்பது வங்கிகள் இந்தக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. 2016 செப்டம்பரிலிருந்து அது நடைமுறை. ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறிய பிறகும் விதி நிற்கிறது. நாட்டில் இன்று இப்படி ஏறத்தாழ 70 லட்சம் எளிய கணக்குகள் இருக்கின்றன. அவற்றில் திவாலானவர்களுடையவை ஒரு சிறு பகுதிதான். மற்றவற்றில் பல எப்போதும் குறைந்த வருமானத்தில் வாழ்கிறவர்களுடையவை.

கணக்கு முதலில், மனு பிறகு

உரிமை இருக்கிறது, ஆனாலும் வரிசை முக்கியம். இலவசக் கடன் ஆலோசனை தரும் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் யாரிடம் கேட்டாலும் ஏறத்தாழ இதையே சொல்வார்கள்: மனு போடும் பட்டனை அழுத்துவதற்கு முன்பே புதுக் கணக்கைத் திறந்து, சம்பளத்தையும் தவிர்க்க முடியாத பில்களையும் அதற்கு மாற்றிவிட வேண்டும். இதில் ஏமாற்று எதுவுமில்லை. மனுவில் அந்தக் கணக்கையும் காட்டத்தான் வேண்டும். உத்தரவு வந்ததும் அதையும் வங்கி கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம். ஆனால் கடன் எதுவும் இல்லாத எளிய கணக்கு என்பதால் மீண்டும் திறக்க வாய்ப்பு அதிகம்.

எந்த வங்கி? கடன் இல்லாத வங்கி. இங்கே பலர் சறுக்குகிறார்கள், ஏனென்றால் பலகை வேறு, முதலாளி ஒன்று. லாயிட்ஸில் கடன் என்றால் ஹாலிஃபாக்ஸும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தும் அதே வீடு. நேட்வெஸ்டும் ஆர்பிஎஸ்ஸும் ஒன்று. எச்எஸ்பிசியின் பிள்ளைதான் ஃபர்ஸ்ட் டைரக்ட். 2024 அக்டோபரில் வர்ஜின் மணியை நேஷன்வைட் வாங்கிவிட்டது. நாலைந்து கார்டு வைத்திருப்பவர் ஒரு தாளில் குழுமங்களை எழுதிக் கோடு போட்டுப் பார்த்தால்தான் ஒதுங்க இடம் எது என்று தெரியும்.

ஏழு வேலை நாட்களில் எல்லாவற்றையும் மாற்றித் தருகிற கணக்கு மாற்றும் சேவை 2013இலிருந்து இருக்கிறது. நல்ல சேவைதான். ஆனால் திவாலாகப் போகிறவருக்கு அது ஒத்துவராது. பழைய கணக்கின் டைரக்ட் டெபிட் எல்லாம் கூடவே வந்துவிடும். கடன் கம்பெனிக்குப் போகிற தவணையும் அதில் அடக்கம். எதை விட்டுவிட்டு ஓடுகிறோமோ அதுவே வண்டியேறிப் பின்னால் வரும். வாடகை, கரன்ட், போன் என்று தேவையானதை மட்டும் கையால் மாற்றுவதே நல்லது. கார்டு நம்பரைக் கொடுத்துத் தொடர் வசூலுக்கு அனுமதித்திருந்தால், குறிப்பாகச் சம்பள நாளன்றே உறிஞ்சும் குறுகிய காலக் கடன் கம்பெனிகளுக்கு, அதை நிறுத்தச் சொல்லி வங்கியிடமே நேரடியாகக் கேட்கலாம். கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும் என்று கவுன்டரில் சொன்னால் அது தவறு.

வங்கியில் போய் ‘ஒரு கரன்ட் அக்கவுண்ட்’ என்று கேட்டால் சாதாரண கணக்குக்கான மனுவை நீட்டுவார்கள். கடன் வரலாறு பார்ப்பார்கள், மறுப்பார்கள். ‘பேசிக் அக்கவுண்ட்’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். வங்கிகள் இதை ஜன்னலில் விளம்பரம் ஒட்டி விற்பதில்லை. முழு மனு கையில் கிடைத்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் திறக்க வேண்டும் என்பது விதி.

அடையாளம் காட்டுவதில்தான் நம் ஆட்களுக்குத் தனி வேதனை. நம் பெயர்களில் குடும்பப் பெயர் இல்லை. அப்பா பெயர் முன்னால் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஏறியிருக்கும். கரன்ட் பில்லில் சொந்தப் பெயர் கடைசியாக வந்திருக்கும். சம்பளச் சீட்டில் இனிஷியலோடு சுருங்கியிருக்கும். மூன்று தாளிலும் இருப்பவர் ஒரே ஆள் என்று வங்கியின் கம்ப்யூட்டர் நம்பாது. பழைய பிளாஸ்டிக் குடியேற்ற அட்டைகள் 2024 கடைசியோடு காலாவதியாகி இ-விசா வந்திருப்பதால், அந்தப் பெயரையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்வது உத்தமம். பலருக்குத் தெரியாத உபாயம் ஒன்று உண்டு: இலங்கை, இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர்கள் என்பதால், சட்டப்படி அங்கே வசித்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கலாம், ஓட்டும் போடலாம். வங்கிகள் முகவரியைச் சோதிக்க முதலில் தேடுவது அந்தப் பட்டியலைத்தான். பட்டியலில் எப்படிப் பெயர் இருக்கிறதோ அப்படியே மனுவிலும் எழுதினால் பாதி வேலை முடிந்தது.

மறுத்தால்? காரணத்தை எழுத்தில் தர வேண்டும். பணமோசடி, கறுப்புப் பணம் சார்ந்த காரணங்களில் மட்டும் வாய் திறக்க மாட்டார்கள். புகார் கொடுத்து எட்டு வாரத்தில் தீராவிட்டால் ஃபைனான்ஷியல் ஓம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம், கட்டணம் இல்லை. நடைமுறையில், அதுவரை உட்கார்ந்திருக்காமல் ஒன்பதில் அடுத்த வங்கியின் வாசலுக்கும் போய்விடுவதே புத்திசாலித்தனம்.

“என்ர கணக்கிலை போடச் சொல்லுங்கோ அத்தான்”

கணக்குக் கிடைக்கத் தாமதமானால் உறவு கை கொடுக்கும். மனைவியின் தம்பி சொல்வார்: “அதுக்கென்ன அத்தான், சம்பளத்தை என்ர கணக்கிலை போடச் சொல்லுங்கோ. நான் காசா எடுத்துத் தாறன்.” பாசத்தில் சொல்லும் வார்த்தைதான். ஆனால் வேறொருவரின் பணத்தைத் தன் கணக்கில் வாங்கி, ரொக்கமாக எடுத்து, கைமாற்றுவது வங்கியின் கண்ணுக்குக் கறுப்புப் பணம் கைமாறுவது போலவே தெரியும். தம்பியின் கணக்கு மூடப்படலாம். மோசடித் தகவல் சேகரிக்கும் சிஃபாஸ் பட்டியலில் பெயர் ஏறினால், அது வருடக்கணக்கில் நிற்கும்; கல்லூரி மாணவனாக இருந்தால் முதல் வேலைக்குப் போகும்போது விண்ணப்பத்தில் வந்து குறுக்கே நிற்கும். ரிசீவருக்கோ, திவாலானவர் வருமானத்தை மறைக்கிறார் என்ற சந்தேகம். ஒருவருக்குப் போன கணக்கு இரண்டு பேருக்குப் போகும்.

உறவோடு இன்னொரு கணக்கும் தீர்க்கத் துடிப்பார்கள். வங்கிக்குக் கொடுக்காவிட்டால் போகிறது, மச்சானிடம் வாங்கிய கைமாற்றையும் சீட்டு பாக்கியையும் முதலில் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கல்யாண வீட்டில் தலைகாட்ட முடியாது என்பது நம் நியாயம். சட்டத்தின் நியாயம் வேறு. கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் சமம். கடனை அடைக்க முடியாத நிலையில் ஒருவரை மட்டும் முன்னால் நிறுத்திக் கொடுத்தது தெரிந்தால், அதை ரத்துசெய்து பணத்தை அவரிடமிருந்தே திரும்ப வாங்கக் கோர்ட்டுக்குப் போக முடியும். வெளியார் என்றால் திவாலுக்கு முந்தைய ஆறு மாதம் வரை நோண்டலாம். நெருங்கிய உறவு என்றால் இரண்டு வருடம் வரை. மனைவியின் உடன்பிறப்பும் அந்த உறவுப் பட்டியலில் உண்டு. மச்சானுக்கு நல்லது செய்யப் போய் அவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும்.

யாழ்ப்பாணத்துக் காணியும் இதில் வரும். சொத்து என்றால் உலகத்தில் எங்கிருந்தாலும் சொத்துதான் என்கிறது அந்தச் சட்டம். சீதனமாக எழுதிய வீடு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். மனைவி பெயரில் இருந்தால் அது மனைவியுடையது. கணவர் பெயரில் நாலு பரப்புக் காணி இருந்து, ‘ஊரில் இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது’ என்று மனுவில் விட்டால், தெரியவரும் நாளில் 12 மாதம் என்பது நீளும். நேர்மைக் குறைவு நிரூபணமானால் 2 முதல் 15 வருடம் வரை கட்டுப்பாடுகள் நீளலாம்.

கணக்கை இழக்காமல் இருப்பது

கிடைத்த கணக்கை வைத்துக்கொள்வது அவ்வளவு கஷ்டமில்லை. ஏமாற்று வேலைக்குப் பயன்படுத்தினால், தவறான தகவல் கொடுத்துத் திறந்திருந்தால், தொடர்ந்து 24 மாதம் தொடாமலே விட்டால் வங்கி மூடலாம். ஓவர்டிராஃப்டே இல்லை என்பதால் கடன் வளர வழியில்லை. பணம் இல்லாத நாளில் பில் திரும்பும், அவ்வளவுதான். கரன்ட் கம்பெனி தனியாக ஏதும் பிடித்தால் அது வேறு. எனவே டைரக்ட் டெபிட் தேதிகளைச் சம்பளத்துக்கு மறுநாளாக மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

கவனிக்க வேண்டியது சட்டத்தின் பக்கம். திவால் காலத்தில், தன் நிலையைச் சொல்லாமல் 500 பவுண்டோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் அது கிரிமினல் குற்றம். எளிய கணக்கை வைத்திருப்பவருக்குச் சில மாதத்தில் ‘சாதாரண கணக்குக்கு மாறுங்கள், ஓவர்டிராஃப்ட் தருகிறோம்’ என்று வங்கியே வலை வீசினாலும், விடுதலை வரும்வரை திரும்பிப் பார்க்காமல் இருப்பது நல்லது. புதிதாக ஏதும் சொத்தோ திடீர்ப் பணமோ வந்தால் 21 நாளுக்குள் ட்ரஸ்டிக்குச் சொல்ல வேண்டும். ஊரில் பெரியவர் காலமாகிப் பங்கு வந்தாலும் சரி, லாட்டரி விழுந்தாலும் சரி. சம்பளம் அவருடையதே, குடும்பச் செலவு போக மிச்சமிருந்தால் அதில் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டும்படி அதிகபட்சம் மூன்று வருடத்துக்கு ஏற்பாடு செய்வார்கள். செலவுக்கு மேல் கணக்கில் பணம் குவிந்தாலும் சொல்லிவிட வேண்டும். கல்யாணத்துக்காகக் கூட்டாகச் சேர்த்த மொய்ப் பணத்தை இந்தக் கணக்கில் தங்க வைப்பதெல்லாம் வம்பை விலைக்கு வாங்குவது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போது நம்மூர் மஞ்சள் கடுதாசி நினைவுக்கு வரும். அந்தக் கதையே வேறு. சென்னை நகரத்துக்கு 1909ஆம் ஆண்டுச் சட்டம், மற்ற ஊர்களுக்கு 1920ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஐ.பி. எனப்படும் திவால் மனு இன்னும் பழைய வழியில்தான் போகிறது. 2016இல் வந்த புதிய திவால் சட்டத்தில் தனிநபர் பகுதி, கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும் 2019 டிசம்பரில் அமலானது. எளிய கணக்கைக் கட்டாயமாக்குவதில் நாம் முந்திக்கொண்டோம். ரிசர்வ் வங்கியின் குறைந்தபட்ச இருப்பு இல்லாத கணக்கு 2012இலேயே வந்துவிட்டது, ஜன் தன் 2014இல். கணக்கு திறப்பதற்கும் திவாலுக்கும் இடையே முடிச்சுப் போட்டு யோசிக்கும் நிலைக்கு இங்கே திவால் சட்டமே இன்னும் வரவில்லை. (ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனித் திவால் நடைமுறைகள் உண்டு, எளிய கணக்கு விதி மட்டும் பிரிட்டன் முழுவதற்கும் பொது.)

12 மாதம் முடிந்ததும் விடுதலை தானாக வரும். அதைச் சொல்லி யாரும் சான்றிதழை வீட்டுக்கு அனுப்பமாட்டார்கள்; கடிதம் வேண்டுமென்றால் இன்சால்வன்சி சர்வீஸிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பொதுப் பதிவேட்டிலிருந்து மூன்று மாதத்தில் பெயர் நீங்கும். கடன் வரலாற்றில் ஆறு வருடம் தழும்பு இருக்கும். எளிய கணக்கு அப்படியே தொடரும்.

கடைக்காரருக்கு மட்டும் ஒரு பெரிய ஓட்டை அடைக்கப்படாமல் கிடக்கிறது. திவாலில் இருப்பவர் கம்பெனி இயக்குநராக இருக்கக் கோர்ட் அனுமதி வேண்டும். ஆனால் தனியாளாகத் தொழில் செய்யத் தடையில்லை. டாக்ஸி ஓட்டலாம், பெயின்ட் அடிக்கலாம், சனிக்கிழமைச் சந்தையில் மீன் விற்கலாம். வேறு பெயரில் வியாபாரம் செய்தால் திவாலான பழைய பெயரையும் சொல்ல வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உரிமையாகக் கிடைக்கும் எளிய கணக்கோ தனிநபர் செலவுக்கானது. தொழிலுக்கு அதைப் பயன்படுத்தினால் ஒப்பந்த மீறல் என்று வங்கி மூடலாம். தொழில் கணக்கு கொடுத்தே ஆகவேண்டும் என்று எந்த வங்கிக்கும் கட்டாயமில்லை; திவால் என்றதும் பெரும்பாலும் மறுப்புத்தான். மாதச் சம்பளக்காரருக்கு 2015இல் கதவு திறந்தது. இருபது வருடம் கல்லாவுக்குப் பின்னால் நின்றவர், இன்னொருவர் கிடங்கில் பெட்டி தூக்கப் போனால்தான் அந்தக் கதவு அவருக்கும் திறக்கும்.